முகூர்த்த நாட்களின் பருந்துகள்

நேர்காணலில் அந்த அதிகாரி என்னிடம் கேட்ட உருப்படியான கேள்வி ஒன்றுதான். "உங்க வீட்ல கோழி வளத்திருக்கீங்களாம்மா?"

நான் விலங்கியலில் முதுகலை முடித்திருந்தேன். ஏரிப் பறவைகளைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தேன். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழிகளும் மேய்ந்தன. மூன்றையும் சொன்னேன். கோழிகளைச் சொன்னதும்தான் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பர்ட்ஸ் பத்தி ஐடியா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வேலை கிடைத்தது. எப்பேர்ப்பட்ட மனிதரிடம் வேலை பார்க்கப் போகிறேன் என்பது அந்த அறையிலேயே புரிந்துவிட்டது. இருந்தும் சேர்ந்தேன். சுரங்கம் நலிந்து அப்பாவுக்கு வேலை இருக்குமா போகுமா என்றிருந்த காலம். பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துக்கொண்டு, ஒப்பந்த ஊழியராக, விமான நிலையத்துப் பறவைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெங்களூரின் விமான நிலையம் அப்போது ஊருக்குள்ளேயே இருந்தது. சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் விமானம் இறங்கும். அந்தப் பக்கம் கோழிக்கடை, மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு, மாடிகளில் காயும் துணி. மேலே எந்நேரமும் பருந்துகள். ஒரு பருந்து வீட்டுக் கோழியைவிட எடை குறைவு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்குள் அது போய்விட்டால் உள்ளே சுழலும் தகடுகள் முறிந்து என்ஜினே நின்றுபோகலாம், தீப்பிடிக்கலாம். விமானம் தரையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அதிகாரிக்கு மட்டும் விளக்க வேண்டியிருந்தது.

அவர் மல்லேஸ்வரத்துத் தமிழர். பல தலைமுறையாக அங்கே சொந்த வீடு. தமிழில் கன்னடத்தையும் கன்னடத்தில் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவார். பறவைகளால் விமானங்களுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது அவருடைய பொறுப்பு. பறவைகளில் அவருக்குத் தெரிந்தது இரண்டு வகை: பெரிசு, சிறிசு. விமானத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

அவருக்குக் கீழே துப்பாக்கிக்காரர் ஒருவர் இருந்தார். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், என்னைப்போலத் தங்கவயல்காரர். காலையில் ஜீப்பில் ஓடுபாதை ஓரமாகப் போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பருந்துகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதற்குள் அவர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருப்பார். ஊர்க்காரர் என்பதற்காக அவரிடம் எனக்குத் தனி மரியாதை ஒன்றும் வரவில்லை. யாரைப் பார்த்தாலும் சல்யூட் அடிப்பார். கேன்டீன் மேற்பார்வையாளருக்குக்கூட அடிப்பார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் அதிகாரி ஒரு கருவியை வரவழைத்தார். ஓடுபாதையின் இருபுறமும் ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஆபத்தில் மாட்டிக்கொண்ட பறவையின் அலறலை அவை திரும்பத் திரும்பப் போடும். அதைக் கேட்டு மற்றப் பறவைகள் பயந்து ஓடிவிடும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். தொடக்க நாளன்று தேங்காய் உடைத்து, பெட்டிக்குக் குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்டார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது கடற்காக்கையின் அலறல். குளிர் நாடுகளின் துறைமுகங்களுக்காகப் பதிவு செய்தது. பெங்களூரில் கடல் இல்லை என்பதை யாரும் அந்த விற்பனைக்காரனிடம் சொல்லவில்லை.

"சார், இது கடற்காக்கை சத்தம். நம்மகிட்ட இருக்கறது பருந்து."

"பர்ட்னா பர்ட்தாம்மா. பயம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே."

ஒரு வாரத்துக்குள் ஒரு பருந்து அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து எலியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்ப டைம் குடும்மா. அதுங்களுக்கு இன்னும் பழகல."

"பழகிட்டதுதான் சார் பிரச்சனை."

அவருக்குப் புரியவில்லை. புரியாத எதையும் அவர் பெரிய மனதோடு மன்னித்துவிடுவார். என்னையும் மன்னித்தார்.

நான் தினமும் காலையில் ஓடுபாதையின் கிழக்கு முனையில் நின்று பருந்துகளைக் கவனிப்பேன். சில நாள் நாலைந்து, அவையும் உயரத்தில். சில நாள் வானமே கறுத்துவிடும், தாழப் பறந்து புல் மேலெல்லாம் இறங்கும். மழை காரணமா, காற்று காரணமா, பக்கத்து ஏரியில் தண்ணீர் வற்றியது காரணமா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் பிடி கிடைத்தது, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில். பருந்துகள் நிறைய வந்த நாட்கள் எல்லாம் முகூர்த்த நாட்களுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தன. ஆடி மாதத்தில், கன்னடக்காரர்கள் ஆஷாடம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போடும் அந்த மாதத்தில், ஓடுபாதையில் பருந்தே இல்லை.

ஒரு மத்தியானம் சுற்றுச்சுவரின் வெளிப்புறமாக நடந்து போனேன். கிழக்கு முனைக்கு நேர் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் நின்றது. அந்த வார்டு கவுன்சிலருடையது. முன்னால் பளிங்கும் வளைவுகளும். பின்னால் எங்கள் சுவரை ஒட்டி ஒரு காலி மனை. கன்னடக் கல்யாணங்களில் தாலி கட்டும் நாளன்று சைவச் சாப்பாடு. ஓரிரு நாள் கழித்துச் சம்பந்திகளுக்காகக் கறி விருந்து போடுவார்கள். பீகர ஊட்டா என்பார்கள். அந்த விருந்தின் ஆட்டுக் குடல், கோழித் தோல், எலும்பு, எச்சில் இலை எல்லாம் அந்தக் காலி மனையில் கிடந்தன. ஈக்களின் சத்தம் மோட்டார் ஓடுவதுபோல இருந்தது. நான் அங்கே நின்றபோது ஒரு பருந்து குடலைக் கால்களில் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரைத் தாண்டி, நேராக ஓடுபாதைக்கு மேலே போனது.

மறுநாள் அதிகாரியிடம் சொன்னேன். "சார், முகூர்த்தத்தை ஒட்டித்தான் பருந்து வருது. அந்த மண்டபத்துக் கழிவை நிறுத்தினா முக்கால்வாசி போயிடும்."

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பருந்து பஞ்சாங்கம் பாக்குதாம்மா?" கேன்டீனில் சொன்னார், கன்ட்ரோல் டவரில் சொன்னார், தீயணைப்பு வண்டிக்காரர்களிடம் சொன்னார். ஒரு வருடம் அதே ஜோக். நான் எதிரே வந்தால், "என்னம்மா, இன்னிக்கு ராகு காலத்துல பருந்து பறக்கலாமா?" என்பார். அவர் சிரிக்கும்போதெல்லாம் அவருடைய மேல்வரிசைப் பல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பதில் சொல்வது எனக்குக் கேவலமாகப் பட்டது.

இருந்தாலும் பறவை ஆபத்துத் தடுப்புக் கூட்டத்தில் விஷயத்தை எழுப்பினேன். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கூட்டம் நடக்கும். விமான நிலையத்தார், மாநகராட்சி ஆட்கள், காவல்துறையிலிருந்து ஒருவர், முந்திரி பிஸ்கட். வார்டு கவுன்சிலரும் அதில் உறுப்பினர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், விரல்களில் கல் மோதிரங்கள். நான் சொல்லி முடிக்கும்வரை பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டா போட்டா மிச்சம் ஆகத்தானம்மா செய்யும்? ஜனங்க கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று ஒருவராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். எல்லாரும் என்னைக் கல்யாணத்தையே எதிர்ப்பவளாகப் பார்த்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. கடைசியில் சுவருக்கு வெளியே அறிவிப்புப் பலகை வைப்பதென்று முடிவானது. குப்பை கொட்டாதீர் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தார்கள். அந்தப் பலகையின் நிழலில் உட்கார்ந்து மண்டபத்து ஆட்கள் அண்டா கழுவினார்கள்.

அதற்கடுத்த மழைக்காலம் முடிந்ததும் டில்லியிலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வந்தார். பறவை விரட்டும் ஏற்பாடுகளைப் பார்க்கத்தான் வந்தார், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஓடுபாதைக்குப் பக்கத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி கடற்காக்கையாக அலறியது. துப்பாக்கிக்காரர் விறைப்பாக நின்றார். அப்போது பார்த்து ஒரு செம்பருந்து, வெள்ளைத் தலையும் செம்மண் நிற இறக்கையுமாக, எங்கள் தலைக்கு நேர் மேலே வட்டமிட்டது.

"கருடன்!" என்றார் எங்கள் அதிகாரி.

டில்லிக்காரர் அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார். அவ்வளவுதான், மொத்த வரிசையும் கைகூப்பியது. அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பறவையை விரட்டச் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும், விமானம் இறங்கும் நேரத்தில், பறவையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வீட்டில் சாமி கும்பிடுகிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு என் கைகள் இரண்டும் பக்கவாட்டிலேயே கிடந்தன.

"வந்த காரியம் ஜெயம்" என்று சொல்லிவிட்டு, வேறெதையும் பார்க்காமல் டில்லிக்காரர் சாப்பிடப் போனார். சாயங்காலம் அதிகாரி துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டு, கூட்டத்தில் கருடன் இருந்தால் சுட வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சுடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

"இன்னா மா பண்றது? அவ்ளோ ஒசரத்துல எது கருடன் எது பருந்துன்னு எனக்கு எப்டி தெரியும்? சுடாம இருந்துகினா வம்பே இல்ல."

அந்த வருடம் தை பிறந்ததும் அதிகாரியின் மகனுக்குக் கல்யாணம். பெண் கன்னடக் குடும்பம். பீகர ஊட்டாவை மாப்பிள்ளை வீட்டார் போடுவதாக ஏற்பாடு. எங்கே என்று அழைப்பிதழைப் பார்த்தேன். கவுன்சிலர் மண்டபம். கவுன்சிலர் பிரியத்தோடு விட்டுக்கொடுத்தார் என்று அதிகாரியே பெருமையாகச் சொன்னார்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ராகிக் களியும் மட்டன் சாறும் பிரியாணியும். சாறு நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாய்க்கு மேலே ஒரு ஜன்னல். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒரு அண்டாவைத் தூக்கிக் காலி மனையில் கவிழ்த்தார்கள். வானத்திலிருந்து பருந்துகள் கொட்டியதுபோல் இறங்கின. ஒன்றின் அலகிலிருந்ததை இன்னொன்று பிடுங்கிக்கொண்டு சுவருக்கு மேலே ஏறியது.

அந்த நேரம் மைசூர் தலைப்பாகையோடு அதிகாரி கை கழுவ வந்தார்.

"சார், அங்க பாருங்க."

அவர் ஜன்னலில் குனிந்து பார்த்தார். முகம் கனிந்தது. "ஆமாம்மா. பாவம், அதுங்களுக்கும் இன்னிக்கு விருந்து."

மறுநாள் காலை அவர் விடுப்பில் இருந்தார். நானும் துப்பாக்கிக்காரரும் ஜீப்பில் கிழக்கு முனைக்குப் போனோம். நான் அதுவரை பார்த்திராத கூட்டம். புல்லில், சுவர் மேல், விளக்குக் கம்பங்களில், ஓடுபாதையின் தார் மேலேகூட. பம்பாய் விமானம் கிளம்பத் தயாராக மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சுடுங்கண்ணே."

"கூட்டத்துல செம்பருந்து ஒண்ணு கீதுமா."

"சுடுங்க!"

அவர் துப்பாக்கியில் தோட்டா போடத் தடுமாறினார். நான் ரேடியோவில் டவரைக் கூப்பிட்டு, பருந்து மிக அதிகம், கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். கேட்டுக்கொண்டோம் என்று பதில் வந்தது. கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலில் பருந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. விமானம் எங்களை நோக்கி வரும்போதே ஒரு சத்தம், பெரிய இரும்புக் கதவை உதைத்ததுபோல. வலது என்ஜினிலிருந்து தீ நாக்கு நீண்டது. இன்னும் தரையை விடாத விமானத்தை விமானி பிரேக் பிடித்து நிறுத்தப் பார்த்தார். டயர்கள் வெடித்தன. புகையோடு சறுக்கிக்கொண்டே போய், ஓடுபாதை முடியும் இடத்தில், சுவருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

யாரும் சாகவில்லை. அவசரக் கதவிலிருந்து விரித்த சறுக்குப் பாதையில் இறங்கும்போது ஒரு அம்மாளுக்குக் கால் எலும்பு முறிந்தது. மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்து அழுதார்கள், வாந்தி எடுத்தார்கள். டை கட்டிய ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, பம்பாயில் அவருக்கு மீட்டிங் இருக்கிறது, அடுத்த விமானம் எப்போது என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவர் காலடியில் இறகுகளும், கருகிய ஒரு காலும் கிடந்தன. அதைக் குனிந்து பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். பயம் அடங்கிய பிறகு வந்த கோபம் பல வருடம் அடங்கவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். எங்கள் அதிகாரி கல்யாணக் களையோடு, கையில் மருதாணிப் பொட்டோடு உட்கார்ந்து சாட்சி சொன்னார். பறவைகளின் நடமாட்டம் இயற்கையானது, ஒலிபெருக்கிகள் சிறப்பாகச் செயல்பட்டன, துப்பாக்கி ஊழியர் அன்று மெத்தனமாக இருந்துவிட்டார். அவ்வளவுதான். துப்பாக்கிக்காரர் தலைகுனிந்து நின்றார். சுடக் கூடாதென்று யார் சொன்னது என அவர் வாயைத் திறக்கவில்லை.

என் முறை வந்தது. முகூர்த்தம், ஆடி மாதம், காலி மனை, கருட உத்தரவு, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "முந்தின நாள் அங்க நடந்த விருந்து இவர் வீட்டு விருந்து" என்று அதிகாரியைக் காட்டினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"நீயும் வந்து சாப்டியேம்மா."

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆட்டுக் குடலோடு பிடிபட்ட பருந்து நான்தான் என்பதுபோலப் பார்த்தார்கள்.

விசாரணைத் தலைவரை விடாப்பிடியாகச் சுவருக்கு வெளியே அழைத்துப் போய் அந்த மனையைக் காட்டினேன். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இது சுவருக்கு வெளியில் இருக்கிறது. நமது அதிகாரம் சுவர் வரைக்கும்தான்."

"பருந்து சுவருக்கு மேல வருது சார்."

அவர் ஷூவில் ஒட்டியிருந்ததைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

நடவடிக்கை எடுக்கத்தான் செய்தார்கள். மாநகராட்சி லாரி வந்து, விமான நிலையத்தைச் சுற்றியிருந்த கோழிக்கடைகளை இடித்துத் தள்ளியது. கடை வைத்திருந்தவர்கள் சந்துக்குள் கூடையைப் போட்டு விற்றார்கள். அதுவரை கடைகளின் கழிவைத் தினமும் டிரம்மில் அள்ளிக்கொண்டு போன பன்றிப் பண்ணைக்காரன் வருவதை நிறுத்தினான். கழிவெல்லாம் சாக்கடைக்குப் போனது, பருந்துகள் முன்பைவிடப் பெருகின. மண்டபத்துக்கு அந்த வருடம் மேலே இன்னொரு மாடி எழும்பியது.

துப்பாக்கிக்காரரைச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். அவருக்காக நான் மேலிடம்வரை போய்ப் பேசத் தயாராக இருந்தேன். அவரைத் தேடிப் போனால், ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வுடு மா. இங்க நெழல் கீது. வெய்யில்ல ஜீப்புல குலுங்க வேணாம்."

"உங்க மேல பழியப் போட்டிருக்காங்கண்ணே."

"போட்டா போட்டுக்கட்டும். சம்பளத்துல கையி வெக்கலியே." சொல்லிவிட்டு எனக்கும் ஒரு சல்யூட் அடித்தார். அந்த வளாகத்தில் நான் கடைசியாக மதித்திருக்கக்கூடிய மனிதரும் அன்றோடு போனார்.

அடுத்த முறை என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். கரப்பான்பூச்சியை அறுத்துக் காட்டுவதில் யாரும் கருட தரிசனம் பார்க்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

பல வருடம் கழித்து, விமான நிலையத்தையே ஊருக்கு வெளியே வடக்கில் கொண்டுபோய்விட்ட பிறகு, ஒரு காலையில் மல்லேஸ்வரத்துக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். கோயிலுக்கு எதிரே திறந்த இடத்தில் ஒரு பெரியவர் பையிலிருந்து மக்காச்சோளத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். காலைச் சுற்றி நூற்றுக்கணக்கில் புறாக்கள். தோளில் ஒன்று. கிட்டே போனதும் அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

"இவங்க ஏர்போர்ட்ல நம்ம டிபார்ட்மென்ட்" என்று உடன் நின்ற இரண்டு பெரியவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "பர்ட்ஸ் ஸ்பெஷலிஸ்ட். எங்கிட்டதான் ட்ரெய்னிங்." கையில் சோளத்தை அள்ளி நீட்டினார். "போடும்மா. புண்ணியம்."

நான் காய்ப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். "தினமும் போடுவீங்களா சார்?"

"தப்பாம போடறேன். நான் வர்ற நேரத்துக்குக் கரெக்டா வந்து காத்துக்கிட்டு இருக்கும்மா. எப்படித்தான் தெரியுதோ அதுங்களுக்கு!"

நிஜமான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். கண் விரிந்திருந்தது. வாங்க வேண்டியது இன்னும் மிச்சம் இருந்தது. கீரைக்காரியிடம் போனேன்.